இரண்டு நோட்டு நிறைய ஊர்ப் பெயர்கள்

கேள்வி: விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ‘தமிழ்ப் புனைகதைகளில் சென்னை மாநகரம்’ என்பது தலைப்பு. ஒன்றரை வருடத்தில் 38 நாவல்கள், நூற்றுக்கு மேல் சிறுகதைகள் படித்துவிட்டேன். எந்தக் கதையில் எந்தத் தெரு, எந்தக் கட்டடம் வருகிறது என்று பட்டியல் போட்டதில் இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் நகரவில்லை. வடசென்னைத் தோழி ஒருத்தி, “இந்த ஊர்ல பொறக்காத நீ எங்க ஊரைப் பத்தி என்ன எழுதப் போற?” என்கிறாள். எனக்கும் அது சரிதானோ என்று தோன்றுகிறது. இன்னொரு சந்தேகம்: தலைப்பில் ‘சென்னை’ என்று போடுவதா, ‘மெட்ராஸ்’ என்று போடுவதா?
– பெயர் வேண்டாம், சென்னை-5

பதில்: திருவல்லிக்கேணியில் தங்கியிருக்கிறீர்கள் என்று பின்கோடு சொல்கிறது. நல்லதாகப் போயிற்று, அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை நிச்சயம் படித்திருப்பீர்கள். உங்கள் நோட்டில் அதற்கு நேரே பிராட்வே, எஸ்பிளனேடு, சென்ட்ரல், திருவல்லிக்கேணி என்று நாலு பெயர் இருக்கும். அந்த முதல் பத்தியை மறுபடி எடுத்துப் பாருங்கள். கந்தசாமிப் பிள்ளை தெருமுனையில் நின்று ஒரு கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றிக்கொண்டே சென்ட்ரலைத் தாண்டிவிட்டு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்.

கதை 1943-இல் வந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மாதச் சம்பளத்தையும் மாதக் கடைசியையும் நம்பிப் பிழைக்க வந்த மனிதனுக்கு, பட்டணத்துத் தூரம் என்பது மைல் கணக்கு இல்லை, காலணாக் கணக்கு. வெற்றிலையா காப்பியா என்று அவன் தயங்கி நிற்கிற அந்த ஓரத்தில்தான் ஊர் இருக்கிறது. உங்கள் பட்டியலில் நாலு இடமும் விழுந்திருக்கிறது, அந்தக் காலணா மட்டும் விழவில்லை. பேனா நகராததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலுக்கு நேரே என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? அதிகம் இருக்காது. மெரினா, சென்ட்ரல் என்று ஊரைச் சுற்றிக் காட்டுகிற கதை இல்லை அது. ஒரு தெரு, சில வீடுகள், வறண்டுபோன பம்பு, ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா, அப்புறம் குடங்கள். ஆனால் சென்னையைப் பற்றி ஒரே ஒரு நாவல் சொல் என்று யாராவது என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். தண்ணீர் வராத ஊரில் யார் யாரிடம் பேசுகிறார்கள், யார் வீட்டு வாசலில் யார் குடத்தோடு நிற்க நேர்கிறது, மானம் எந்த இடத்தில் விட்டுப்போகிறது, எந்த இடத்தில் திரும்பக் கிடைக்கிறது என்று அந்தச் சின்ன நாவல் பார்த்துக்கொண்டே போகிறது. 1970களின் தொடக்கத்தில் எழுதியது. 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வற்றி, லாரித் தண்ணீருக்கு ஊரே காத்துக் கிடந்தபோது நான் அதைத் திரும்பப் படித்தேன். குடம் பிளாஸ்டிக்காக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே என் யோசனை இது. இடங்களை விடுங்கள். சென்னையில் ஒரு மனிதர் படுகிற ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், வாடகை, பஸ், ஒண்டுக்குடித்தனத்தில் பொதுக் கழிப்பறை, திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறடி அறை, எதுவானாலும் சரி, ஒன்றே ஒன்று. 38 நாவலிலிருந்து ஆறேழு போதும். மிச்சம் வீண் என்று வருத்தப்படாதீர்கள். அவற்றைப் படித்ததால்தான் இந்த ஆறு எது என்று உங்களுக்குத் தெரியும். தலைப்பையும் சுருக்க வேண்டியிருக்கும். நெறியாளர் முகம் சுளிக்கலாம். மாற்றிய தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், எழுதி முடித்த பத்துப் பக்கத்தோடு போய் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தோழி சொன்னதற்கு வருகிறேன். புதுமைப்பித்தன் திருநெல்வேலிக்காரர், பத்திரிகை வேலைக்காகப் பட்டணம் வந்தவர். ஜெயகாந்தன் கடலூரிலிருந்து சிறு வயதிலேயே வந்தவர். அசோகமித்திரன் செகந்திராபாத்திலிருந்து 1952-இல் வந்து ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். வந்தவர்களைத் தள்ளிவிட்டால் உங்கள் தோழிக்கும் படிக்கப் பாதிதான் மிஞ்சும். கந்தசாமிப் பிள்ளையைப் பெயரிலேயே ‘மேலகரம்’ என்று ஊரைச் சுமக்க வைத்து பிராட்வேயில் நிறுத்தியிருக்கிறார் புதுமைப்பித்தன், பாருங்கள், அது வந்தவன் கண்ணுக்குத்தான் தோன்றும்.

ஆனாலும் தோழி சொல்வதை முழுதாக ஒதுக்க மாட்டேன். வந்தவர்கள் எழுதியதில் காது ஏமாந்துபோகிற இடங்கள் உண்டு. ரிக்‌ஷாக்காரர் வாய் திறந்தால் மட்டும் மெட்ராஸ் பாஷை வரும், அதுவும் சிரிப்புக்காக. டச்சுக்காரன் காசிலிருந்து வந்த ‘துட்டு’, உருதுவிலிருந்து வந்த ‘பேஜார்’, ‘நாஷ்டா’ என்று துறைமுகமும் பட்டாளமும் கொண்டுவந்து போட்ட சொற்களால் ஆன பேச்சு அது. கொச்சை என்று ஒரு வார்த்தையில் மூடிவிட முடியாது. கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’, தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ இரண்டும் உங்கள் 38-இல் இருக்கின்றனவா? இல்லையென்றால் இந்த வாரமே வாங்குங்கள். ‘பேட்டை’ சிந்தாதிரிப்பேட்டைக் கதை. 1734-இல் நெசவாளர்களுக்காகக் கிழக்கிந்தியக் கும்பெனியார் ஏற்படுத்திய குடியிருப்பு அது, சின்னத் தறிப்பேட்டைதான் அப்படி மருவியது என்பார்கள். உள்ளேயிருந்து எழுதுகிறவருக்கு அந்தப் பேச்சு வேடிக்கை இல்லை, வீட்டுப் பாஷை. ஒரே மாதிரி சண்டைக் காட்சியை ஜெயகாந்தனிலிருந்து ஒன்றும் இவர்களிடமிருந்து ஒன்றும் எடுத்து, தோழியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே சிரிக்கிறாள், எங்கே முகம் சுளிக்கிறாள் என்று குறித்துக்கொண்டால் ஒரு இயலுக்கு ஆகும். நன்றியுரையில் அவள் பெயரையும் போட்டுவிடலாம்.

கதைகளைப் புத்தகத்தில் மட்டும் படிக்காதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. கதை முதலில் வந்த பத்திரிகை இதழையே கேட்டு எடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் என்ன விளம்பரம், வீடு என்ன வாடகை, காப்பிப்பொடி என்ன விலை என்று பார்த்துவிட்டுக் கதைக்கு வந்தால் காலணாவுக்குக் கனம் கூடும். என் காலத்தில் ஒரு நூலகத்தில் (எது என்று சொல்ல மாட்டேன்) நான் கேட்ட தொகுதி இரண்டு வருடமும் ‘பைண்டிங்குக்குப் போயிருக்கிறது’. அதை நம்பி இரண்டு வருடம் சும்மா இருந்தேன் நான். நீங்கள் இருக்காதீர்கள், அடுத்த நூலகத்துக்குப் போங்கள். புதுமைப்பித்தனுக்கு மட்டும், கைக்குக் கிடைத்த மலிவுப் பதிப்பை விட்டுவிட்டு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த செம்பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோளில் ஒரு சொல் மாறினாலும் வாய்மொழித் தேர்வில் பிடித்துக்கொள்ள ஆள் இருப்பார்கள்.

அப்புறம், ஒருநாள் வெயில் தாழ்ந்து பிராட்வேயிலிருந்து உங்கள் அறைக்கு நடந்தே வாருங்கள். பிராட்வே இப்போது பிரகாசம் சாலை. டிராம் 1953-இலேயே நின்றுபோயிற்று. கந்தசாமிப் பிள்ளை ஏன் நடக்க யோசித்தார் என்று கால் சொல்லும்.

தலைப்புச் சந்தேகம். அரசாங்கம் ‘மெட்ராஸ்’ என்ற ஆங்கிலப் பெயரை மாற்றியது 1996-இல். தமிழில் ‘சென்னை’ என்ற பெயர் புதிதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வள்ளலார் கந்தகோட்டத்து முருகனைப் பாடும்போதே ‘சென்னை’ என்றுதான் பாடியிருக்கிறார். எனவே தலைப்பில் சென்னை என்றே போடுங்கள். உள்ளே மேற்கோள் வருகிற இடங்களில் பட்டணம், மெட்ராஸ், மதராஸ் என்று அந்தந்த எழுத்தாளர் எப்படி எழுதினாரோ அப்படியே விட்டுவிடுங்கள். தட்டச்சு செய்து தருகிறவர் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.