ஞாபக சக்தியைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: எழுபது வயது மாமனாருக்கு மூளைப் பயிற்சிப் புதிர்ப் பெட்டி ஒன்று பார்த்தேன். 2,200 ரூபாய். வாங்கலாமா? – வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம். நல்ல கேரம் போர்டு வாங்கிக் கொடுங்கள். எதிரே உட்கார ஆட்கள் தானாக வருவார்கள்.

கேள்வி: எங்கள் தெரு மண்டபத்தில் 'இலவச நினைவாற்றல் முகாம்' போட்டார்கள். அப்பாவிடம் பத்துச் சொல் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். ஆறுதான் வந்தது. 'இது மறதி நோயின் ஆரம்பம்' என்று பயமுறுத்தி, பவுடர் டப்பாக்களும் பயிற்சிப் புத்தகமும் கொடுத்து 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பில் இல்லை, துண்டுச் சீட்டுதான். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. – எஸ்., தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அப்பாவுக்குத் தைரியம் சொல்லுங்கள். ஆறு சொல்தான் வந்தது என்பதை வைத்து யாரும் நோய் என்று முடிவு கட்ட முடியாது. மைக் சத்தம், கூட்டம், காது மந்தம், இதில் எது இருந்தாலும் எண்ணிக்கை குறையும். டாக்டர் என்றால் வீட்டில் இருப்பவர்களை விசாரிப்பார். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதுவார். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை ஏதாவது ஓடுகிறதா என்று கேட்பார். மறதிக்கு இவை காரணமாக இருந்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஓ.பி.க்கோ, 2024-ல் கிண்டியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள்.

இந்த முகாம் வியாபாரத்தை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்பதுதான் வயதானவர்களின் பெரிய பயம். அந்த இடத்தைத் தொட்டுத்தான் காசு கறக்கிறார்கள். மறதி நோயைத் தடுக்கவென்று பி, இ வைட்டமின்களையோ, மீன் எண்ணெயில் இருப்பது போன்ற கொழுப்பு அமிலங்களையோ பரிந்துரைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதல் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. எந்த முகாமிலாவது 'நாளையிலிருந்து நடங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்களா?

பணத்துக்கு வருவோம். மீதி டப்பாக்களைப் பிரிக்காதீர்கள். நோட்டீஸ், துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். டப்பாவில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கில வரி பொடியெழுத்தில் இருக்கிறதா பாருங்கள். டப்பாவில் அப்படிப் போட்டுவிட்டு வாயால் நோய்க்கு மருந்து என்று விற்றிருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி. பில் தராததும் 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடம் அவகாசம் உண்டு. விடாதீர்கள்.

கேள்வி: 68 வயது அம்மா மூளைப் பயிற்சி ஆப்பில் தினமும் ஆடுகிறார். ஸ்கோர் ஏறுகிறது. கேஸை மூட மறப்பது மட்டும் குறையவில்லை. – பெரம்பூர்

பதில்: அந்த ஆட்டம் கைவந்துவிட்டது, அதனால் ஸ்கோர் ஏறுகிறது. எதைப் பழகுகிறோமோ அதுதான் தேறும். அது அடுப்படி வரை வரும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. லுமாசிட்டி என்ற ஆப் இப்படி அளவுக்கு மீறி விளம்பரம் செய்ததற்காக, 2016-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. அம்மாவுக்குப் பிடித்திருந்தால் ஆடட்டும், சந்தாவைப் புதுப்பிக்காதீர்கள். கேஸ் விஷயத்தைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை டைமர் உள்ள இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கட்டும்.

கேள்வி: அதே மாதிரி ஓர் ஆப்பை மூன்று மாதம் முன்பே டெலீட் செய்தேன். மாதம் 349 ரூபாய் போய்க்கொண்டே இருக்கிறது. பேங்க் ஏமாற்றுகிறதா? – வியாசர்பாடி

பதில்: இல்லை. ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாவை ரத்து செய்யுங்கள், யுபிஐ ஆட்டோபேயிலும் பாருங்கள். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிட்டு பேங்க்கைத் திட்டாதீர்கள் ஐயா.

கேள்வி: நடந்தால் மூளைக்கு நல்லது என்கிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிப் புழுதியில் நடக்க முடியவில்லை. வயது 66. டிரெட்மில் வாங்கலாமா? – திருவொற்றியூர்

பதில்: நல்லதுதான். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள 1,260 பேரை வைத்து 2 வருடம் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. உடற்பயிற்சி, சாப்பாட்டு மாற்றம், மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கவனிப்பது எல்லாம் சேர்ந்தபோது சிந்தனைத் திறன் கூடுதலாகத் தேறியது. எல்லாம் சேர்ந்தபோது என்பதைக் கவனியுங்கள்.

முதலில் ஒரு மாதம் தியாகராஜர் கோயில் பிராகாரத்தில் காலையில் நடந்து பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வர வேண்டும். அந்தப் பழக்கம் நிலைத்தால் மெஷின் வாங்கலாம், இல்லையென்றால் அதில் துணிதான் காயும். வாங்கும்போது மோட்டாரின் உச்ச சக்தியைச் சொல்லி ஏமாற்றுவார்கள், தொடர்ந்து ஓடும் சக்தியைக் கேளுங்கள். பக்கவாட்டுக் கைப்பிடி நீளமாக இருக்கட்டும். இழுத்தால் மெஷின் நிற்கும் சேஃப்டி கீயைச் சட்டையில் மாட்டாமல் ஏறாதீர்கள். என் அம்மாவுக்காகப் பொருட்காட்சியில் ஓர் அதிர்வுப் பலகை வாங்கினேன், 'ஏறி நின்றால் போதும்' என்றார்கள். சீக்கிரமே உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது. வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தால் மோட்டாருக்கு மட்டும்தான் வாரண்டி, போர்டுக்கு இல்லை. திருவொற்றியூருக்கு வந்து ரிப்பேர் பார்ப்பது யார் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.

கேள்வி: அப்பா யாரோடும் பேசுவதில்லை, டிவி சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. ஆன்லைனில் 1,499 ரூபாய்க்குக் காது மெஷின் பார்த்தேன். – ராயபுரம்

பதில்: காதைக் கவனித்தீர்களே, அதுவே பெரிய விஷயம். மறதி நோய்க்கு வழிவிடும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. அதில் காது கேளாமையும் ஒன்று. ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவிகள். அப்பா இரண்டே நாளில் கழற்றி வைத்துவிடுவார். முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள், வெறும் அழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். மெஷின் தேவை என்றால் கேட்கும் திறன் பரிசோதனை எடுத்து, சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். சீரியல் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.