கரிக்கோடு போட்ட சுவர்

கேள்வி: அமெரிக்காவில் பிப்ரவரி 2 அன்று 'கிரவுண்ட்ஹாக்' என்ற பிராணி தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்கிறார்கள். நம்மூரில் மார்கழி மேகத்தை வைத்து வரப்போகும் மழையைக் கணிக்கும் கர்ப்போட்டம் பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் காலத்தில் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? (வாசகர், தக்கலை)

பதில்: கூத்து என்ற சொல்லை நான் ஏற்கவில்லை.

பென்சில்வேனியாவில் பங்ஸுடானி என்ற ஊரில் அந்தக் கிரவுண்ட்ஹாக் பார்ப்பது 1887 முதல் நடக்கிறது. பலித்தது பாதிக்கும் குறைவு. அது தெரிந்தேதான் விடியற்காலைக் குளிரில் ஜனங்கள் வந்து நிற்கிறார்கள்.

நம்முடைய கர்ப்போட்டம் 14 நாள் கணக்கு. சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் நாட்கள். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 11 வாக்கில் முடியும். மார்கழியை எங்கள் ஆச்சி தனு மாதம் என்றுதான் சொல்வாள். அந்த 14 நாளும் படிப்புரையில் உட்கார்ந்து வானத்தையே பார்ப்பாள். மேகம் ஓடினால் கருப் பிடித்தது என்று சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு. வெறும் வானம் என்றால் ஒரு புள்ளி. கனமழை கொட்டிவிட்டால் 'கலைஞ்சு போச்சே' என்று அன்று முழுக்கப் பேசமாட்டாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவர் அந்த ஒரு முழம் சுவரை மட்டும் விட்டுவிடுவார். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வரும்வரை அது அழுக்காகவே இருக்கும். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

ஆனால் கோடு குறைந்த வருஷம் ஆச்சி என்ன செய்வாள் தெரியுமா? மாசி வாக்கில் கும்பப்பூ நெல் அறுத்ததும், பத்தாயத்தில் விதைநெல்லை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒதுக்கச் சொல்வாள். அடுத்த போகமான கன்னிப்பூ பொய்த்தால் மறுபடி விதைக்க வேண்டுமே. மழை அவள் கணக்குப்படி வந்ததோ இல்லையோ, விதை இருந்தது.

சரி, வானிலை மையம் சொல்வதைக் கேட்டுத்தான் கடலில் வள்ளம் இறக்க வேண்டும், விதைக்க வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயலைக் கண்ட கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் இதை மாற்றிச் சொல்லமாட்டேன். கர்ப்போட்டத்தை நம்பச் சொல்லி நான் எழுதவில்லை. 14 நாள் அண்ணாந்து பார்த்த ஒருத்தியை முட்டாள் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான். குளத்தில் எத்தனை படி முங்கியிருக்கிறது என்று ஆச்சியைக் கேட்டால் வீட்டிலிருந்தே சொல்வாள். உங்கள் ஊர்க் குளத்தில் இன்று எத்தனை படி வெளியே தெரிகிறது? போய்ப் பார்த்துவிட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.