தினமும்தான் நடக்கிறேன், மறதி குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 62. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், மதுரையில் வசிக்கிறேன். 11 வருடமாக சுகருக்கு மெட்ஃபார்மின் போடுகிறேன், பிபி மாத்திரையும் உண்டு. சைவம். ஒரு வருடமாகத் தெரிந்தவர்களின் பெயர் சட்டென்று வருவதில்லை. கேஸை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறேன். ‘வாக்கிங் போனால் மூளை வளரும்’ என்று மகள் வீடியோ அனுப்புகிறாள். நான் தினமும் அரை மணி நேரம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவள்தான். மறதி குறையவில்லை. வலது முழங்கால் வலி வேறு. அம்மா கடைசி ஆறு வருடம் அல்சைமரோடு இருந்தார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து உட்காரவே வைத்திருந்தேன். நடக்க விட்டிருந்தால் தேறியிருப்பாரோ?

பதில்: டீச்சர், அந்த கேஸ் அடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். திரும்பி வந்து பார்க்கும்போது அது அணைந்துதானே இருக்கிறது? மனம் பஸ்ஸையோ சாவியையோ யோசித்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குத் திருகிவிட்டு வந்துவிட்டது. மூளையில் பதியாத ஒன்றை எங்கே போய்த் தேடுவது? பழைய மாணவர் கடைவீதியில் வணக்கம் சொல்கிறார், பெயர் வரவில்லை, வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது வந்துவிடுகிறது. இதுவும் அறுபதைத் தாண்டிய பலருக்கும் உள்ளதுதான்.

முதியோர் மருத்துவம் பார்க்கும் எனக்குக் கவலை தருவது வேறு வகை மறதி. போன வாரம் போய்வந்த கல்யாணமே நினைவில் இல்லாதது, நாற்பது வருடம் வைத்த ரசத்தில் எதற்குப் பின் எது என்று குழம்புவது, பழகின தெருவில் வழி தடுமாறுவது. இந்த வகையில் பெரும்பாலும் புகார் சொல்பவர் நோயாளியாக இருக்க மாட்டார், வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்வார்கள். நீங்கள் மாத்திரைப் பெயர், வருடக் கணக்கு எல்லாம் பிசகாமல் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்காக விட்டுவிடவும் சொல்லவில்லை. நினைவாற்றலுக்கான ஒரு சிறு பரிசோதனையை நேரில் செய்துகொள்ளுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.

சரி, வீடியோவுக்கு வருவோம். அதன் மூலம் பெரும்பாலும் 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வாகத்தான் இருக்கும். முதியவர்கள் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் நடக்க வைத்தார்கள். மறு பாதிக்குக் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி. ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு ஒன்றரை சதவீதம்போலச் சுருங்கியிருந்தது. புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் பதிய வைக்கும் பகுதி அது. அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. இவ்வளவும் உண்மை.

வீடியோவில் வராத பாதி என்னவென்றால், நினைவாற்றல் சோதனையில் இரண்டு குழுவுமே ஏறக்குறைய ஒன்றுபோல முன்னேறியிருந்தது! ஸ்கேனில் பெருத்தது, பரீட்சை மார்க்கில் தனியாகத் தெரியவில்லை. 2015-இல் இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. 70 முதல் 89 வயது வரை, அதிகம் நடமாடாத 1,635 பேர். ஒரு தரப்புக்கு இரண்டு வருடம் உடற்பயிற்சி, மறு தரப்புக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு. நினைவாற்றலில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் மகளுக்கு இதையும் அனுப்புங்கள்.

அப்படியானால் நடப்பது வீணா என்று கேட்பீர்கள். வீணில்லை. நாம் அதனிடம் தவறானதைக் கேட்கிறோம். காலையில் நடந்தால் மாலையில் பெயர்கள் வந்து விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நடை உங்களுக்குச் செய்யும் பெரிய வேலை ரத்தக்குழாயில் நடக்கிறது. மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம்தான், தின்பதோ மொத்தச் சக்தியில் 20 சதவீதம். அந்தத் தீனியைக் கடைசி வரை கொண்டுசேர்ப்பவை தலைமுடியைவிட மெல்லிய குழாய்கள். சுகரும் பிபியும் வருடக்கணக்கில் அரிப்பது அவற்றைத்தான். மூளைக்குள் சத்தமில்லாமல் நடக்கும் அடைப்புகளும் அல்சைமரும் ஒன்றாகச் சேர்ந்தால் மறதி வேகமாக ஏறும். மறதி நோய் வந்த வயதானவர்களில் பாதிப் பேருக்காவது இப்படிக் கலவையாகத்தான் பார்க்கிறோம் என்று சொல்லலாம். நன்றாக நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, பிபி கொஞ்சம் இறங்குகிறது, தூக்கம் ஆழமாகிறது. கூடவே பி.டி.என்.எஃப். என்ற புரதம் சுரக்கிறது. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளுக்கு அது உரம்போல. ஆக, இது பத்து வருடம் கழித்து எடுக்கப்போகும் சேமிப்பு. அடுத்த மாதச் சம்பளமாக எதிர்பார்க்காதீர்கள்.

எத்தனை ஸ்டெப் என்று அடுத்து கேட்பார்கள் எல்லோரும். தினம் பத்தாயிரம் என்கிறார்களே, அது 1965-இல் ஜப்பானில் நடை எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. பிரிட்டனில் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் கையில் கருவி கட்டி நடந்த கணக்கு 2022-இல் வெளியானது. நாளுக்கு சுமார் 9,800 ஸ்டெப் நடந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா என்ற மறதி நோய் ஏறக்குறைய பாதி குறைவு. 3,800 நடந்தவர்களுக்கே கால்வாசி குறைவு. ஒரு எச்சரிக்கை: மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே மனிதர் நடமாட்டத்தைக் குறைத்துவிடுவார், அதனாலும் கணக்கு இப்படித் தெரியலாம். ஆனாலும் 3,800 என்பது முழங்கால் வலி உள்ளவருக்கும் எட்டும் தூரம்தான்.

இனி உங்கள் தெப்பக்குள நடை. எனக்கு அந்த நடையைத் தெரியும். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நாலு பேர் வரிசையாக, மருமகள் விஷயம் பேசிக்கொண்டே, சப்பரம் நகர்கிற வேகத்தில் போவோம். அரை மணியில் ஒன்றரைச் சுற்று முடியும், கடைசியில் ஒரு காபி. மனசுக்கு இது ரொம்ப நல்லது, விடாதீர்கள். நாலு பேரோடு பழகுவதும் மூளைக்குத் தேவைதான். ஆனால் இதயம் இதை உடற்பயிற்சி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் வேகம். தோழிகளோடு ஒரு சுற்று மெதுவாகப் போங்கள். அதற்கு முன்னால் பத்து நிமிடம் தனியாக, இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிற வேகத்தில் நடந்துவிடுங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள் என்று வந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் கிடைத்துவிடும். வேகம் கூட்டும்போது நெஞ்சு இறுக்கமோ, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 11 வருட சுகர் என்பதால் தொடங்கும் முன் ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள்வதும் நல்லது.

பார்க்குகளில் கூழாங்கல் மேல் வெறுங்காலோடு எட்டுப் போட்டு நடக்கிறார்களே, அது உங்களுக்கு வேண்டாம். எட்டில் தனி மகிமை ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை. நாள்பட்ட சுகரில் பாத உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியது தெரியாது, இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். ஷூ போட்டு நடங்கள், ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முழங்காலைக் காரணம் காட்டி நிறுத்திவிடாதீர்கள். தொடைத் தசை வலுவிழந்தால் பாரம் முழுக்க மூட்டில்தான் இறங்கும். கைப்பிடி இல்லாத சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைச் சுவரோரம் நகராமல் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னால் இழுத்து, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். முதல் வாரம் எழ வராது, கையை ஊன்றத்தான் தோன்றும், ஊன்றிக்கொள்ளுங்கள். உட்காரும்போது ‘பொத்’தென்று விழாமல் மனசுக்குள் நாலு எண்ணி இறங்குவதில்தான் பலன். எட்டுத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. வாரம் இரண்டு மூன்று நாள். வலி பொறுக்கக்கூடியதாக இருந்து மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். வீங்கினால் நிறுத்தி பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இது காலுக்கு மட்டுமான வேலையுமில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் லேசான நினைவுக் குறைபாடு உள்ளவர்களை ஆறு மாதம் எடைப் பயிற்சி செய்ய வைத்தபோது அவர்களின் சிந்தனைத்திறன் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், நூறு பேர்.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்று உங்கள் கேள்வியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 11 வருட மெட்ஃபார்மின், அதோடு சைவம். இரண்டுமே உடம்பில் பி12 வைட்டமினைக் குறைக்கும். பி12 குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும், எவ்வளவு நடந்தாலும் அது சரியாகாது. ஒரு ரத்தப் பரிசோதனை போதும், குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்துவிடலாம். கூடவே தைராய்டும் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய வகைச் சளி, அலர்ஜி மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ வழக்கமாகப் போட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவையும் புத்தியை மந்தமாக்கும். டிவி சத்தத்தை வீட்டில் நீங்கள் மட்டும் கூட்டுகிறீர்களா? அப்படியென்றால் காதையும் சோதியுங்கள். காதில் சரியாக விழாத பெயர் மனதில் எப்படித் தங்கும்?

அம்மா விஷயம். அவருக்கு வந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஆபத்து ஓரளவு கூடும், அவ்வளவுதான். பரம்பரையை மாற்ற முடியாது. ஆனால் பிபி, சுகர், கொழுப்பு, காது, நடமாட்டமின்மை, தனிமை போன்ற 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் கணக்கிட்டது. நடை அந்த 14-இல் ஒன்று மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். உங்கள் விஷயத்தில் பிபியை ஒழுங்காகக் கட்டுக்குள் வைப்பதை நான் அதற்கு ஒரு படி மேலே வைப்பேன்.

நடக்க விட்டிருந்தால் தேறியிருப்பாரா? பிரிட்டனில் டிமென்ஷியா வந்துவிட்ட 494 பேரை வைத்து இதையே சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நாலு மாதம் நல்ல தீவிரமான பயிற்சி. உடம்பில் தெம்பு ஏறியது, மறதியின் வேகம் குறையவில்லை. நடந்திருந்தால் அவருக்குப் பொழுதும் தூக்கமும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம். நோய் நின்றிருக்காது. விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையாகிப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை.

பி12, தைராய்டு முடிவு வந்ததும் எழுதுங்கள். வீட்டில் பிபி கருவி இருந்தால் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து, அந்த எண்களையும் சேர்த்து அனுப்புங்கள்.