பைத்தானில் இரண்டு பட்டியல்களை உறுப்புக்கு உறுப்பு பெருக்குவது எப்படி?

கேள்வி: ஒரு பட்டியலில் பொருள்களின் அளவு (3, 5, 2), இன்னொன்றில் அவற்றின் விலை (40, 12, 95) உள்ளன. இரண்டுக்கும் நடுவே பெருக்கல் குறியிட்டால் பிழை வருகிறது; கூட்டல் குறியிட்டால் ஆறு எண்கள் கொண்ட ஒரே பட்டியல் கிடைக்கிறது. பொருள்வாரியாகத் தொகை காண என்ன வழி?

பதில்: பைத்தானின் சாதாரணப் பட்டியல் எண்களை மட்டுமன்றி எதையும் ஏற்கும் என்பதால், கூட்டல் குறி அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவதையே குறிக்கிறது, இரு பட்டியல்களைப் பெருக்குவதற்குப் பொருளே இல்லை. இரண்டையும் 'ஜிப்' என்ற உள்ளமைந்த செயற்கூறிடம் கொடுத்தால், முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது என இணைகளாக அது தரும். ஒவ்வொரு இணையையும் 'ஃபார்' மடக்கில் பெருக்கிப் புதிய பட்டியலில் சேர்த்தால் 120, 60, 190 கிடைக்கும். பைத்தான் 3-இல் ஜிப் தருவதை ஒருமுறைதான் படிக்க முடியும். மறுமுறை படித்தால் வெறுமையே மிஞ்சும்.

விலைப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தால், ஜிப் எந்த எச்சரிக்கையும் தராமல் குட்டையான பட்டியலோடு நின்றுவிடும். தொகை குறைந்திருப்பது கணக்கைச் சரிபார்க்கும் வரை தெரியாது. இதற்காகவே 2021-இல் வெளிவந்த 3.10 பதிப்பில் 'ஸ்ட்ரிக்ட்' என்ற தெரிவு சேர்க்கப்பட்டது. அதை 'ட்ரூ' என அமைத்தால் நீளம் ஒவ்வாதபோது பிழை எழும். இத்தகைய கணக்குகளில் அதை எப்போதும் இடுவதே நல்லது. ஆனால் அந்தப் பிழை குட்டையான பட்டியல் முடியும்போதுதான் எழும் என்பதால், மடக்குக்குள்ளேயே தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருந்தால் முந்தைய இணைகள் அதற்குள் பதிவாகியிருக்கும். 'ஐட்டர்டூல்ஸ்' தொகுதியின் 'ஜிப் லாங்கஸ்ட்' விடுபட்ட இடத்தை நாம் சொல்லும் மதிப்பால் நிரப்பும். கூட்டலுக்குச் சுழியம் பொருந்தலாம், இங்கேயோ விலை தெரியாத பொருள் இலவசமாகிவிடும்.

எண்கள் இலட்சக்கணக்கில் இருந்தால், எண் கணக்கீட்டுக்கான தனி நூலகமான 'நம்பை'யின் அணிகளுக்கு மாறுங்கள்; அங்கே பெருக்கல் குறியே உறுப்புவாரியாக வேலை செய்யும். மூன்று உறுப்புள்ள அணியை இரண்டு உறுப்புள்ள அணியோடு பெருக்க அது மறுத்துவிடும். ஒரே உறுப்புள்ள அணியை மட்டும் எல்லாவற்றுக்கும் பரப்பிப் பெருக்கிவிடும்.

இவை அனைத்தும் வரிசை எண்ணை மட்டுமே நம்புகின்றன. அளவும் விலையும் வெவ்வேறு கோப்புகளிலிருந்து வருமானால், நீளம் ஒத்திருந்தாலும் வரிசை மாறியிருக்கக்கூடும். அப்போது பொருளின் பெயரைத் திறவுகோலாகக் கொண்ட 'டிக்ஷனரி'யில் விலைகளை வைத்துத் தேடி எடுங்கள்.