தன்னார்வத் தீயணைப்பு நிலையம் என்றால் என்ன? அதன் வண்டிகள் எப்படி வந்தன?

சம்பளத்துக்கு இல்லாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, மணி அடித்ததும் ஓடிவரும் ஊர்க்காரர்கள் நடத்தும் நிலையம்தான் இது. காரணம் எளிது: தீ காத்திருக்காது, முழுநேர ஆட்களை வைக்கச் சின்ன ஊர்களிடம் பணமும் கிடையாது. கடலூர் குப்பங்களில் சித்திரை வெயிலில் கூரை பற்றினால், வண்டி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கீற்றைப் பிய்த்து எறிந்து, குடம் குடமாகக் கைமாற்றி ஊற்றுவார்களே, அதையே சங்கமாக்கிப் பயிற்சியும் கருவியும் கொடுத்தால் எப்படி இருக்கும்? 1736-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தொடங்கியது அப்படி ஒன்றுதான்.

அவர்கள் காலத்து வண்டி ஒரு பெரிய அடிபம்பு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அடிக்க வேண்டும். நம் தெரு அடிபம்பில் தண்ணீர் விட்டு விட்டுத்தானே கொட்டும்? அது நேராமல் இருக்க, அந்தத் தீயணைப்பு வண்டியில் ஒரு காற்று அறை வைத்தார்கள். உள்ளே அழுந்திய காற்று, கை மேலே போகும் நேரத்திலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்ததால் பீய்ச்சல் அறுபடவில்லை. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். அப்புறம் 1829-இல் லண்டனில் நீராவி பம்பு வந்தது, ஆள் தேவை குறைந்தது. 1853-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் நீராவி வண்டியோடு சம்பள ஆட்களுக்கே மாறிவிட்டது, பிறகு மோட்டார்.

தன்னார்வலர் என்றால் பயிற்சி இல்லாதவர் என்று நினைக்காதீர்கள்: பிரான்சில் இன்றும் தீயணைப்போரில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான்.