பனியுகம் மழைக்காட்டுப் பூச்சிகளின் மரபணுவில் எப்படித் தடம் விட்டது?

ஒரே மழைக்காட்டில் வாழும் ஒரே இனப் பூச்சிக்கு வடக்கே ஒரு மாதிரியும் தெற்கே வேறு மாதிரியும் மரபணு இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டைப் பாருங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது அங்கே பனி மூடவில்லை, மழைதான் குறைந்தது. காடு ஈரமான மலைகளுக்குள் ஒதுங்க, நடுவே யூகலிப்டஸ் பரவிவிட்டது. அங்குள்ள அதர்ட்டன் பீடபூமியில் லிஞ்ச் எரிமலைவாயின் சேற்றை அடுக்கடுக்காகத் தோண்டியெடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் எந்த மரத்தின் மகரந்தம் எவ்வளவு என்று எண்ணினால் இந்த மாற்றம் அப்படியே தெரியும், எனக்கு மிகவும் பிடித்த சான்று இது.

சரி, இதில் பூச்சிக்கு என்ன? டெம்னோபிளெக்ட்ரான் என்ற சாண வண்டுப் பேரினத்தில் பறக்க முடியாத இனங்களும் உண்டு. நடந்தே போகிற அந்த வண்டுக்கு வறண்ட யூகலிப்டஸ் பள்ளத்தாக்கு ஒரு கடல் மாதிரி. கலப்பு நின்றுபோனால் ஒவ்வொரு மலையிலும் மரபணு மாற்றங்கள் தனித்தனியாகச் சேர்கின்றன. காடு சுருங்கிய இடத்தில் வண்டுகளின் எண்ணிக்கை குறைந்து மரபணுப் பன்மையும் கொஞ்சம் தொலைகிறது. அப்புறம் மழை திரும்பிக் காடு மறுபடி ஒட்டிக்கொண்டாலும் பழைய பிளவு சட்டென்று அழிவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் கடைசிப் பனியுகத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள்: பல பிளவுகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் பழையவை, காடு சுருங்குவதும் விரிவதும் பலமுறை நடந்திருக்கிறது.