கொசுக் காய்ச்சலின் பூர்வீகம்: மரபணு சொல்வதும் சொல்லாததும்

சிக்குன்குனியா எங்கிருந்து வந்தது என்பதை மரபணுவை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. நான் வைராலஜி ஆய்வகத்தில் வேலை பார்த்தவன், டாக்டர் இல்லை. மாத்திரை, கஷாயம் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன்.

மேலூர் சரவணன்: சார், 2006-ல் எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மூட்டுவலிக் காய்ச்சல். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இந்த வைரஸின் மரபணு ஆர்என்ஏ என்ற பொருளால் ஆனது, ஏறக்குறைய 11,800 எழுத்து நீளம். பெருகும்போது அங்கங்கே எழுத்து மாறும். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர் விட்ட பிழை அடுத்த பிரதியிலும் தொடருமே, அது மாதிரி. ஒரே பிழைகள் இருந்தால் ஒரே வழிவந்தவை.

1963-ல் கல்கத்தாவிலும் அடுத்த வருடம் சென்னையிலும் பரவியது ஆசிய வகை. 1973-ல் மகாராஷ்டிராவின் பார்சியில் வந்துபோன பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. பழையதுதான் திரும்பிவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மரபணுவைப் படித்தபோது, 2005 கடைசியிலிருந்து பரவியது கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க வகை என்று தெரிந்தது. உள்ளூரில் தூங்கிக்கிடந்தது எழவில்லை. வெளியிலிருந்து வேறொன்று வந்திருக்கிறது.

தெப்பக்குளம் பரமேஸ்வரி: இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவிலிருந்து இந்தியாவுக்கு வந்ததாகப் படித்தேன். சரியா சார்?

நல்ல கேள்வி அம்மா. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். ரீயூனியனில் பரவும்போதே மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், வைரஸின் மேலுறையில் உள்ள ஈ1 என்ற புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற வேறொன்று வந்தது. அந்த ஒரு மாற்றத்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குள் வைரஸ் நன்றாகப் பெருக ஆரம்பித்தது. 2007-ல் கேரளாவிலும் அதே மாற்றம். அப்படியானால் ரீயூனியனிலிருந்துதான் வந்திருக்கும் என்று தோன்றும், இல்லையா?

முழு மரபணுவையும் ஒப்பிட்டால் கதை வேறு. 2004-ல் கென்யக் கடற்கரையில் கிளம்பிய வைரஸின் ஒரு கிளை தீவுகளுக்குப் போனது, இன்னொரு கிளை தனியாக இந்தியா வந்தது. கேரளாவில் அந்த மாற்றம் புதிதாக, தானாகவே நடந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் அல்போபிக்டஸ் நிறைய இருந்ததால் அந்த மாற்றம் உள்ள வைரஸே மேலோங்கியது. ஒரே ஒரு எழுத்தை வைத்து உறவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

திருமங்கலம் ராஜா: எங்கள் ஊருக்கு யார் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்கலாமா அண்ணே?

மரபணுவை மட்டும் வைத்து முடியாது தம்பி. மொத்த மரபணுவிலும் வருடத்துக்குச் சில எழுத்துகள்தான் மாறி நிலைக்கும். ஒரே மாதத்தில் ஒரே தெருவில் படுத்தவர்களிடம் அநேகமாக ஒரே எழுத்துகள்தான் இருக்கும். 2007-ல் இத்தாலியில் ரவென்னா பக்கம் பரவியபோது, கேரளாவிலிருந்து போன ஒரு பயணியைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் வீடு வீடாக விசாரித்ததால்தான். மரபணு அதற்குத் துணைச் சாட்சி. அந்த ஆளைக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை, அவரும் கொசுவிடம் கடி வாங்கியவர்தானே.

உசிலம்பட்டி வாசகி: எனக்கு ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ். அதிலேயே வகை தெரியுமா?

எலைசா என்றால் தெரியாது. அது உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் காட்டும். மரபணு படிக்க வைரஸே வேண்டும். காய்ச்சல் வந்த முதல் வாரத்துக்குள் ரத்தம் எடுத்து, குளிர் கெடாமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும். பெரும்பாலானோர் முதல் நாலு நாளை மெடிக்கல் ஷாப் மாத்திரையிலேயே ஓட்டிவிடுகிறார்கள். மாதிரி வராத ஊர், மரபணுவை ஒப்பிட்டு வரையும் வம்சாவளி மரத்தில் இல்லாத ஊர்தான்.

அதே வாசகி: டெங்குவுக்கும் இதே முறையா?

ஆமாம். அதில் நாலு வகை உண்டு, முதலில் எது என்று பார்ப்பார்கள்.

செல்லூர் முருகேசன்: பூர்வீகம் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

எந்தக் கொசுவைத் தேடுவது என்று தெரியும். 226-இல் மாற்றம் இருந்தால் அல்போபிக்டஸைத் தேடி தோப்பு, மரப்பொந்து, ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மாற்றம் இல்லையென்றால் முதல் சந்தேகம் ஏடிஸ் ஈஜிப்டி என்ற இன்னொரு கொசு மேல். அது வீட்டை ஒட்டியே வாழும், அதிக தூரம் பறக்காது. குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் நாம் பிடித்துவைக்கும் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் அதற்குப் போதும். வாரம் ஒரு முறை காலி செய்து, உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.